கம்போடியாவில் அப்படி இல்லை, மாமா

டிசம்பரில் சாங்கி விமான நிலையத்தில் ஒரே நிற டி-சட்டை போட்டுக்கொண்டு ஒரு கும்பல் வந்து இறங்குமே, அதில் ஒருவன் சிங்கப்பூரில் எல்லார் சொந்தத்திலும் இருக்கிறான். எனக்கும் ஒரு மருமகன், அக்கா பையன். தொடக்கக்கல்லூரி முதலாம் ஆண்டு. சியெம் ரீப் பக்கம் ஏதோ கிராமத்தில் பத்து நாள் தொண்டூழியம்.

அவன் திரும்பி வந்த நாளிலிருந்து வீட்டில் குளிர்சாதனம் போட முடியவில்லை. "கம்போடியாவில் மின்விசிறிகூட இல்லை, மாமா." இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்றால், "அங்கே கிடைச்சதைச் சாப்பிடுவாங்க." எம்ஆர்டி தாமதம் என்று முனகினால், "அங்கே பிள்ளைங்க வெயில்ல நடந்தே பள்ளிக்கூடம் போறாங்க." ஒருநாள் எனக்குக் கடைவாய்ப் பல்வலி. அவனைப் பார்த்தேன். வாயைத் திறந்தான். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இதற்கெல்லாம் முத்தாய்ப்பு ஒன்று உண்டு: "ஒண்ணுமே இல்லை மாமா, ஆனா எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!" அவனுக்குத் தெரிந்த கெமர் மொழி, வணக்கமும் நன்றியும். அதை வைத்துக்கொண்டு ஊர் மனசை முழுக்கப் படித்துவிட்டான். கையில் மிட்டாய்ப் பையோடு வந்து நிற்பவனைப் பார்த்து எந்தப் பிள்ளை அழும்?

போய்ச் செய்த முக்கிய வேலை, பள்ளிக்கூடச் சுவருக்குச் சாயம் அடித்தது. முன்பு வந்த வேறொரு பள்ளிக்காரர்கள் மஞ்சள் அடித்திருந்தார்களாம்; அதன்மேல் இவர்கள் நீலம். அடுத்து வருகிறவர்களுக்கு எந்த நிறம் மிச்சமோ! விமானக் கட்டணத்தில் கொஞ்சத்தைக் கொடுத்தால் அந்த ஊர்ப் பெயின்டரே நேராக அடித்திருப்பார். பொங்கல் வருகிறது, என் சமையலறைக்கும் வந்து அடித்துக் கொடுடா என்றேன். "தொண்டூழிய நேரத்தில் சேருமா, மாமா?" என்றான்.

பையன் கெட்டவன் இல்லை. செங்கல் தூக்கி உள்ளங்கை கொப்பளித்ததும் நிஜம். கிளம்பும்போது தேம்பித் தேம்பி அழுததும் நிஜம். கூடப் போன ஆசிரியையும் விவரமானவர். அநாதை விடுதிப் பக்கம் பிள்ளைகளை அழைத்துப் போகவில்லை. அந்த விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள் என்பது 2011இல் கம்போடிய அரசும் யுனிசெஃபும் வெளியிட்ட ஆய்விலேயே இருக்கிறது. வந்து பார்த்துக் கண்கலங்கிக் காசு கொடுக்கும் வெளிநாட்டாரை நம்பித்தான் அவை பெருகின.

என் ஆற்றாமை வேறு. அவன் வீட்டில் மியன்மார்ப் பெண் ஒருத்தி வேலை பார்க்கிறாள். பயணத்துக்கு நிதி திரட்ட புளோக்கின் கீழ்த்தளத்தில் இவன் விற்ற பிஸ்கட்டைச் சுட்டது அவள்தான். நானும் இரண்டு டப்பா வாங்கினேன். திரும்பி வந்ததும் சேறு அப்பிய காலணியைத் தேய்த்துக் கழுவியதும் அவள்தான். அவளுக்கு எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று அவனிடம் கேட்டேன். தெரியாதாம். கம்போடியாவில் பத்து நாளில் பதினைந்து பிள்ளைகளின் பெயரைப் பாடம் பண்ணியவன்! மூன்று வருஷமாக அவள் கையால்தான் சாப்பிடுகிறான்.

"கேட்டுச் சொல்றேன், மாமா" என்றான். சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, தண்ணி!" என்றான்.

இவன் பயணத்துக்கு அக்கா கட்டிய பணத்தில் அந்தப் பெண்ணை ஒருதரம் ஊருக்கு அனுப்பிப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கலாம்.