பானையையும் வையுங்கள்

கே: ஜவ்வாது மலை கோவிலூர் சிவன் கோயிலில் கிடைத்த தங்கக் காசுகளை எங்கே வைக்கலாம்? (வாசகர், போளூர்)

ப: 2025 நவம்பரில் திருப்பணியின்போது ஒரு மண்பானையில் 103 காசுகள் கிடைத்தன. அவற்றை மலையிலிருந்து வெகுதூரம் கொண்டுபோகக் கூடாது. திருவண்ணாமலையில், கிரிவலம் வருபவர்கள் நுழைந்து பார்க்கும் இடத்தில் வையுங்கள். கூடவே அந்தப் பானையையும், தோண்டிய குழியின் படத்தையும். தனியே கிடக்கும் காசைப் பார்ப்பவர் பவுன் கணக்குதான் போடுவார். பானையைப் பார்த்தால்தான் ‘யார் புதைத்தார், எதற்குப் பயந்து?’ என்று கேட்பார்.

கே: எங்கள் பக்கம் வேறு பழங்காசு உண்டா? (வாசகி, செங்கம்)

ப: உங்கள் ஊரை ஒட்டியே உண்டு, அம்மா! ஆண்டிப்பட்டியில் ஈயக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்தில் ‘சேந்தன்’ என்ற பெயர். மூவேந்தரில் ஒருவனல்ல, ஓர் உள்ளூர்த் தலைவன் தன் பெயரில் அடித்த காசு. மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மாவும் உங்கள் செங்கம்தான். எனக்கு ராஜராஜன் காசைவிட இந்த ஈயக் காசின்மேல்தான் ஆசை அதிகம். காட்சிக்கு வைப்பவர்கள் மர அலமாரியைத் தவிர்க்க வேண்டும். மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும்.

கே: தாத்தாவின் செப்புக்காசைப் புளி போட்டு விளக்கலாமா? (வாசகர், ஆரணி)

ப: குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புளி, களிம்போடு எழுத்தையும் தின்றுவிடும்.

கே: ஏர் ஓட்டும்போது காசு கிடைத்தால்? (வாசகர், கலசபாக்கம்)

ப: கலெக்டருக்கு எழுதிக் கொடுங்கள். புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே சொல்ல வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். அரசு எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரவும் அதில் வழி உண்டு. மறைத்தால் சிறை. உருக்கினால், ஒரு காலத்தின் சாட்சியே போயிற்று.

கே: செல்லாத 1000 ரூபாய் நோட்டை வைத்திருக்கலாமா? (வாசகி, செய்யாறு)

ப: செல்லாத 500, 1000 இரண்டும் சேர்த்து 10 வரை வைத்திருக்கலாம். ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் 25 வரை. இது 2017-ஆம் ஆண்டுச் சட்டம்.

கே: இன்றைய நோட்டுக்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை? (வாசகர், திருவண்ணாமலை)

ப: 2004-இல் அப்துல் கலாம் திறந்துவைத்த மும்பை ரிசர்வ் வங்கி அருங்காட்சியகத்தில் பழங்காசும் இன்றைய நோட்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இங்கேயும் அப்படி வைக்கலாம். 1957 ஏப்ரல் 1-இல் 16 அணா ரூபாய் 100 நயா பைசாவானது. அந்தக் காசுகளுக்குப் பக்கத்தில் அன்றைய பலசரக்குக் கடைச் சீட்டு ஒன்று. சோழர் காசுக்குப் பக்கத்தில், நந்தா விளக்கெரிக்கப் பொன் கொடுத்ததைச் சொல்லும் கோயில் கல்வெட்டின் மைப்படி. இன்றைய 10 ரூபாய்க்குப் பக்கத்தில் என்ன வைக்கலாம் என்று பள்ளிப் பிள்ளைகளையே கேளுங்கள்.