தாம்பரம் மிக அருகில்

பில் ஃபோர்சைத்தின் ‘லோக்கல் ஹீரோ’ 1983இல் வந்த ஸ்காட்லாந்து நகைச்சுவைப் படம். டெக்ஸஸ் எண்ணெய்க் கம்பெனி ஒரு கடலோர கிராமத்தையே விலைக்குக் கேட்கிறது. ஊர் கொதித்தெழவில்லை, எவ்வளவு தேறும் என்று சலனமில்லாமல் கணக்குப் போடுகிறது. கடற்கரைக் குடிசைக் கிழவர் ஒருவர்தான் மசியவில்லை. ‘இதில் சிரிக்க என்ன இருக்கிறது, நம்ம ஊரில் எடுபடாது’ என்பவர்கள் தாம்பரம் பக்கம் வந்ததில்லை போலும். ‘தாம்பரம் மிக அருகில்’ என்று மனை விளம்பரம். வேன் ஏறினால் வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கபெருமாள்கோவில் எல்லாம் பின்னால் போகும். செங்கல்பட்டும் தாண்டி ஒரு பொட்டலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும். மஞ்சள் பூசிய கல்லைக் காட்டி, ‘ஸ்டேஷன் பத்து நிமிஷம் சார்’ என்பவர் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. கேட்பவரும் அதே முகத்தோடு தலையாட்டுவார்.

அது நகைச்சுவையல்ல, பிழைப்பு என்பீர்கள். ஃபோர்சைத்தின் கிராமத்துக்கும் அது பிழைப்புதானே! கவுண்டமணி உதைத்தால்தான் தியேட்டர் சிரிக்கும் என்ற வாதம் பாதி நியாயம். ஆனால் 2012இல் ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ படம் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லித்தான் ஓடியது. ஒரே ஒரு வித்தியாசம்: கடற்கரைக் கிழவர் இங்கே இருந்திருந்தால், அவருடைய குடிசைக்கு இந்நேரம் மூன்று பேர் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள்.