பாதரட்சை மாகாத்மியம்

உடம்பிலுள்ள அவயவங்களுக்குள்ளே பாதத்தைப் போல உழைப்பு மிகுந்ததும் உபசாரம் குறைந்ததுமான அவயவம் வேறொன்றில்லை. முகத்துக்குப் பவுடரும், கண்ணுக்கு மையும், கழுத்துக்குச் சங்கிலியும், கைக்கு வளையலும் தேடித்தேடி வாங்குகிற ஜனங்கள், இத்தனையையும் சுமந்துகொண்டு நாள் முழுவதும் நடக்கிற காலுக்கு மாத்திரம், "ஏதோ ஒரு சோடி இருந்தால் போதாதா?" என்று கேட்கிறார்கள். போதாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். இரத்தினபுரி மலைச்சரிவில், இறப்பரும் தேயிலையும் கலந்த ஒரு தோட்டத்தின் லயத்திலே பிறந்து, பட்டணத்து மருந்துக்கடை ஒன்றில் கணக்கெழுதும் உத்தியோகம் பார்க்கின்ற எனக்குச் சப்பாத்தின் மேலுள்ள பிரியத்தைத் தோட்டத்தில் அறியாதவர் இல்லை. முகநூலிலும் டிக்டொக்கிலும் அதை நானே ஓயாமல் பிரசித்தப்படுத்தி வருவதால், தோட்டத்துக்கு அப்பாலும் அறியாதவர் குறைவு.

இந்தப் பிரியத்தை அற்பமென்று தள்ளுகிறவர்கள் நமது இதிகாசங்களைக் கவனித்துக் கேட்கவில்லை என்றே சொல்லவேண்டும். இராமபிரான் வனவாசம் போயிருந்த 14 வருஷமும் அயோத்தியின் இராஜ்யபாரத்தைத் தாங்கியது யார் என்றால், பரதன் என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சிம்மாசனத்தின் மேல் இருந்தது பரதன் அல்ல, ஒரு சோடிப் பாதுகை. வேதாந்த தேசிகர் திருவரங்கத்துப் பெருமானுடைய பாதுகைகளின்மேல் 1008 சுலோகங்களை ஒரே இராத்திரியில் பாடி முடித்தார் என்பது ஐதிகம். ஒரு சோடிக்கு ஆயிரத்தெட்டுத் துதி தகுமென்று பெரியோர்கள் ஒப்புக்கொண்டிருக்க, புதிதாய் வாங்கிய வெள்ளைச் சப்பாத்துக்கு நான் பக்கவாட்டில் ஒன்றும், மேலிருந்து ஒன்றும், குதியுயரம் தெரியும்படி ஒன்றுமாகப் படம் போடுவதை மிகையென்று சொல்ல எந்தச் சாஸ்திரத்தில் இடமிருக்கிறது? போதாக்குறைக்கு, எங்கள் மாகாணமே ஒரு காற்சுவட்டை உச்சியில் வைத்துக் கும்பிடுகிற மாகாணம். 2243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலையில் இருப்பது சிவபெருமானுடைய பாதம் என்று நாங்களும், புத்தபகவானுடையது என்று சிங்கள மக்களும், ஆதம் நபியுடையது என்று முஸ்லிம்களும் சொல்லுகிறோம். பாதம் மேன்மையானது என்பதில் மூன்று சமயத்தாருக்கும் தகராறு இல்லை.

என் சின்னம்மா மாத்திரம் என்னைப் பிலிப்பைன்ஸ் தேசத்து முன்னாள் ஜனாதிபதியின் மனைவி இமெல்டா மார்கோஸ் அம்மையாருடன் ஒப்பிட்டு வைவதுண்டு. 1986 ஆம் ஆண்டு அந்த அம்மையார் மாளிகையை விட்டு ஓடியபோது பின்னால் விட்டுச்சென்ற சப்பாத்துகளில் ஒரு பகுதி இப்போது மரிக்கினா நகரத்துக் காட்சிச்சாலையில் இருக்கிறதாம். ஒப்பீடு எனக்குக் கௌரவந்தான். ஆனால் அவருக்கு வாய்த்தது ஒரு தேசத்தின் கஜானா, எனக்கு வாய்த்தது மாதத் தவணை.

ஆசை இவ்வாறிருக்க, அதை நிறைவேற்றிக்கொள்ள வேண்டிய பூமியோ எங்கள் தோட்டத்துப் பாதையாக அமைந்தது. வருஷத்துக்கு 3500 மில்லிமீற்றரைத் தாண்டிப் பெய்கிற மழை அந்தப் பாதையின் தாரை முன்னொரு காலத்திலேயே கழுவிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருப்பவை கல்லும் சேறும், கல்லுக்கும் சேற்றுக்கும் இடையில் ஜீவனம் நடத்துகின்ற அட்டைகளும். அட்டைக்குச் சவர்க்காரம் தடவினால் வராது, உப்புப் போட்டால் விழுந்துவிடும் என்பதெல்லாம் பாட்டாச் செருப்புப் போட்டவர்களுக்குச் சொன்ன வைத்தியம். குதியுயர்ந்த சப்பாத்தின் வாருக்கும் விரலுக்கும் நடுவே குடிபுகுந்துவிட்ட அட்டை, அது தனக்கென்றே கட்டிய வீடு என்று நினைத்துக்கொள்கிறது. ஆதலால் காலையில் நான் போகிற விதம் இது: காலில் பழைய பாட்டா, கையில் பொலித்தீன் பை, பைக்குள்ளே கடதாசியில் சுற்றிய சப்பாத்து. சந்திக்கு வந்ததும் பீலியில் முழங்கால் வரைக்கும் கழுவி, தாவணித் துண்டால் விரலிடுக்குகளைத் துடைத்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பாட்டாவைச் சில்லறைக் கடையின் வாங்குக்கு அடியில் வைத்துவிட்டு பஸ் ஏறுவேன். அந்த வாங்குக்கு அடியில் காலை ஏழு மணிக்குப் பார்த்தால், எங்கள் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் அத்தனை பேருடைய சேறும் சோடி சோடியாக வரிசையில் நிற்கும்.

பாதையில் நடக்கக் கொடுத்துவைக்காத சப்பாத்துகள் முகநூலில் நடக்கின்றன. அதிலும் ஒரு விக்கினம் உண்டு. எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. தோட்டத்திலேயே அது ஒழுங்காகக் கிடைக்கிற ஸ்தலம் மேட்டிலுள்ள மாரியம்மன் கோயிற் படிக்கட்டு. கோயிற் படியில் செருப்போடு ஏறக்கூடாது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே உலகத்தார் என் சப்பாத்தின் அழகைக் கண்டு விருப்பக்குறி இடுகிற சுபவேளைகளில், அதற்குச் சொந்தக்காரியாகிய நான் வெறுங்காலுடன் உட்கார்ந்திருக்கிறேன். 2022 ஏப்ரல் 3 ஆந் திகதி, பொருளாதார நெருக்கடிக் கிளர்ச்சிக்கு அஞ்சி அரசாங்கம் சமூக ஊடகங்களை ஒரு பகற்பொழுது முடக்கி வைத்தபோது, படியில் உட்கார்ந்திருந்த எங்களுக்குச் சாமி கும்பிடுவதைத் தவிர வேறு வேலையே இல்லாமற் போயிற்று.

படத்தின் கீழே வருகிற அபிப்பிராயங்கள் தனிச் சுவையானவை. கொழும்பிலிருக்கும் மாமன் மகள், "ஒரிஜினலா?" என்று கேட்பாள். கட்டாரிலுள்ள அண்ணன், "விலை?" என்று ஒரே சொல்லில் விசாரிப்பார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் "வாழ்க வளமுடன்" என்றெழுதுகிற சித்தப்பா சப்பாத்தையும் வாழ்த்திவிட்டுப் போவார். ஆனால் சபையிலே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லுகிறவர் எங்கள் அப்பாயிதான். போனை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏண்டி, கால்ல போடுறதுக்கு வாங்குனியா, போன்ல போடுறதுக்கு வாங்குனியா?" என்றார். "ரெண்டுக்குந்தான் அப்பாயி" என்றேன். "அப்ப மொதல்ல கால்ல போடு" என்றார்.

அப்படிச் சொல்ல அவருக்குப் பாத்தியதை உண்டு. 1876 ஆம் ஆண்டு பிரேசிலின் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் கம்பகாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில் வந்திறங்கிய பின்னர், கேகாலையும் இரத்தினபுரியும் களுத்துறையும் இறப்பர்க் காடுகளாயின. அந்தக் காட்டில் விடியுமுன்னே பால் வெட்டி, சிரட்டை சிரட்டையாகச் சேர்த்து, உலகத்தார் சப்பாத்துகளுக்கு அடிப்பாகம் அனுப்பியவர்களில் அப்பாயியும் ஒருவர். வெறுங்காலோடு நடந்த அவருடைய குதிகால் வெடிப்புகளில் சிந்திய பால் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்குமாம். இறப்பர் அடிப்பாகம் என்று அவர் காலுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அவருக்கும் முன்னே, கோப்பிக் காலத்திலே, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டுவழியே நடந்து வந்தவர்களில் வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர்கள் ஏராளம். பிழைத்து வந்து சேர்ந்தவர்களையும் வெறுங்கால் சும்மா விடவில்லை. 1916 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்து வைத்தியர்கள் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கினார்கள். ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, குடலைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிற அந்தப் புழுவுக்குத் துரைமார் சப்பாத்தில் நுழைய வழியில்லை. எங்கள் காலிலோ கதவே கிடையாது. இந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொண்ட பிறகும் சப்பாத்தை ஆடம்பரம் என்று சொல்லுகிறவர்களுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. வேண்டுமானால் ஒரு வாரம் தங்கள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் தோட்டத்துப் பக்கம் வரட்டும்.

ஆகையினால் படம் போடுவதை நான் நிறுத்தப்போவதில்லை. அடுத்த மாதத் தவணைக்குக் கரும்பச்சை நிறத்தில் ஒன்றைப் பார்த்தும் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும் அன்பர்களுக்கு ஒரேயொரு விண்ணப்பம்: விருப்பக்குறி இடுங்கள், விலையும் கேளுங்கள், அதோடு நிற்காமல், "உங்கள் தோட்டத்துப் பாதைக்கு எப்போது தார் போடுவார்கள்?" என்றும் ஒரு வரி எழுதி, அதிகாரத்தில் உள்ளவர்கள் யாராவது உங்களுக்கு நண்பராக இருந்தால் அவர் கண்ணிலும் படும்படி பகிர்ந்துவிடுங்கள்.