மூட்டை மாமா

செம்பூர், மாட்டுங்கா பக்கம் நாலு தமிழ்க் குடும்பம் இருக்கிற எந்தச் சொசைட்டிக்குப் போனாலும் அங்கே ஒரு மூட்டை மாமா இருப்பார். கதவில் மாட்டிய பலகையில் வேறு பெயர் இருக்கும். அதைத் தபால்காரரும் கேஸ்காரரும் மட்டும்தான் படித்திருப்பார்கள். வயது எழுபதை ஒட்டி. வங்கியிலோ ரயில்வேயிலோ கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு ரிட்டயர் ஆனவர். தோளில் ஒரு ஜோல்னாப் பை, அதற்குள் மடித்து வைத்த இன்னும் நாலு பை, சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடி எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

மாமாவின் கொள்கை எளிது. சில்லறையில் வாங்குகிறவன் கடைக்காரனுக்காகச் சம்பாதிக்கிறான். மொத்தத்தில் வாங்குகிறவன் தனக்காக. ஆகவே மசாலாச் சாமானுக்கு மஸ்ஜித் பந்தர், மிளகாய்க்கு லால்பாக், அரிசி பருப்புக்கு வாஷி, சோப்பு சீப்புக்கு டிமார்ட் என்று மும்பையையே ரேட்வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார். நமக்கெல்லாம் ஹார்பர் லைன் என்றால் நெரிசல். அவருக்கோ, ஒரு பக்கம் மஸ்ஜித்தையும் மறுபக்கம் வாஷியையும் செம்பூரோடு சேர்த்துக் கோர்த்து, ரயில்வே அவருக்கென்றே போட்டுக் கொடுத்த தண்டவாளம். சாமானைவிட ரேட்டின் மேல்தான் அவருக்கு ஆசை. கசகசா வேண்டுமா வேண்டாமா என்பது வீட்டுக்கு வந்த பிறகு யோசிக்க வேண்டிய விஷயம்.

அவருடைய ஆதர்ச புருஷர் ராதாகிஷண் தமானி. 2002இல் பவாயில் முதல் டிமார்ட்டைத் திறந்தவர். "பங்குச் சந்தையில கோடி கோடியா பண்ணினவன் எதுக்குய்யா பருப்பு விக்க வந்தான்? மொத்தமா வாங்கறதுல இருக்கு சூட்சுமம்!" என்பார் மாமா. சூட்சுமத்தில் பாதிதான் அது. தமானி மொத்தமாக வாங்கி மளமளவென்று விற்றுத் தள்ளிவிடுகிறார். மாமா மொத்தமாக வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொள்கிறார்.

எங்கள் சொசைட்டி மாமாவின் வீடு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஒரு படுக்கையறை, ஹால், சமையலறை. திவானுக்கடியில் அரிசி, பரணில் எண்ணெய் டின், குளியலறையில் குடம் குடமாகத் துணி சோப்புத் தூள், ஷோகேஸில் தஞ்சாவூர் பொம்மைக்குப் பக்கத்தில் அரை டஜன் டீத்தூள். நவராத்திரிக்குக் கொலுப்படி கட்ட அவர்கள் பலகை தேடுவதில்லை. டப்பாக்களை அடுக்கி மேலே வேஷ்டியை விரித்தால் ஒன்பது படி தாராளமாக வரும். செம்பூரில் இன்று சதுர அடி இருபதாயிரத்துக்குக் குறைந்து பேச்சே இல்லை. ஒரு மூட்டை நாலு சதுர அடியை அடைக்கிறது. அதாவது எண்பதாயிரம் ரூபாய் இடத்தில் ஆயிரத்து எழுநூறு ரூபாய் அரிசி வாடகை இல்லாமல் குடியிருக்கிறது.

அந்த மூட்டையும் இருபத்தைந்து கிலோ இல்லை, இருபத்தாறு. 2022 ஜூலை 18 முதல், பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஆனால் 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்குக் கிடையாது. விதியைப் படித்த தமிழ்நாட்டு அரிசி ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். மும்பையில் இந்தச் செய்தியை முதலில் படித்தவர் எங்கள் மாமாவாகத்தான் இருக்க வேண்டும்.

"ஏன்னா, ஆத்துல இருக்கறது ரெண்டு பேர். டாக்டர் உங்களை ராத்திரி சப்பாத்தி சாப்பிடச் சொல்லியிருக்கார். இருபத்தாறு கிலோ எதுக்கு?"

"இருபத்தஞ்சு கிலோன்னா அஞ்சு பர்சென்ட் தண்டம் அழணும். ஒரு கிலோ ஜாஸ்தி வாங்கினா ஒரு பைசா வரி இல்லை. கவர்ன்மென்டே கையைப் பிடிச்சு வாங்கு வாங்குங்கறான், நீ வேண்டாங்கறயே!"

ஐந்து சதவீதம் என்றால் எண்பத்தைந்து ரூபாய். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ, மீட்டர் ஓடத் தொடங்கும்போதே 26 ரூபாய். மூன்று மாடி தூக்கிவர ஒரு ஆளுக்குக் கூலி. மறுநாள் மாமாவின் இடுப்புக்குத் தைலம். இதையெல்லாம் சேர்த்தால் மிச்சம் எங்கே என்று ஒருநாள் கேட்டேன். கணக்குப் பிரிவில் ஊறிய மனிதர் அசரவில்லை. "அதெல்லாம் டிரான்ஸ்போர்ட், மெடிக்கல் ஹெட்ல போயிடும். குரோசரி ஹெட்ல மிச்சம் மிச்சந்தான்."

மாமாவை முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணெய் விஷயத்தில் அவர் சொன்னதைக் கேட்டு எங்கள் மாடியே பிழைத்தது. கடையில் பதினைந்து லிட்டர் டின்னும் இருக்கும், பதினைந்து கிலோ டின்னும் இருக்கும். பார்வைக்கு அண்ணன் தம்பி. லிட்டர் டின் விலை குறைவு என்று எல்லாரும் அதைத் தூக்குவார்கள். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். பதினைந்து லிட்டர், பதின்மூன்று கிலோ அறுநூற்றைம்பது. ஒன்றேகால் கிலோவுக்கு மேல் எண்ணெய் எழுத்திலேயே ஆவியாகிவிடும். இதை மாடிப்படியில் நின்றபடி மாமா விளக்குவதைக் கேட்க வேண்டும். சாட்டர்டு அக்கவுன்டன்ட் வகுப்பு தோற்றுப்போகும். ஆனால் அந்த டின்னைத் திறந்த பிறகு? இரண்டு பேர் தாளிக்கிற எண்ணெய் எவ்வளவு? நாலாம் மாதம் காறல் வாடை எட்டிப் பார்க்கும். அதற்குள் தீர்த்தாக வேண்டுமே என்று மாமி சாயங்காலம்தோறும் பஜ்ஜி போடுவாள். டின் வந்த மாதமெல்லாம் எங்கள் மாடியில் பஜ்ஜி மாதம். கொலஸ்ட்ரால் மாத்திரையும் மெடிக்கல் ஹெட்டில் போய்விடும்.

இப்போது பூதக்கண்ணாடி. பொட்டலச் சாமான்களுக்கான விதிகளை 2021இல் மத்திய அரசு திருத்தியது. மொத்த விலையோடு கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்பதையும் அச்சடிக்க வேண்டும் என்று சொன்னது. அற்புதமான ஏற்பாடு, பெரிய பாக்கெட் நிஜமாகவே மலிவா என்பதற்கு அதைவிட நேரான பதில் கிடையாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் விலை, கூடினதில் கிலோ விலை. ஒன்றில் 0.17 என்றிருக்கும், இன்னொன்றில் 168 என்றிருக்கும், இரண்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். மாமா தள்ளுவண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பெருக்குவார். பின்னால் வருகிறவர்கள் மராட்டியிலும் குஜராத்தியிலும் அவரை வாழ்த்துவார்கள்.

அந்தக் கண்ணாடிக்கே தண்ணி காட்டிய சாமான் ஷாம்பூ. பாட்டில் பெரிசாக ஆக மலிவாக வேண்டும் என்பது மாமாவின் வேதம். ஆனால் நம் நாட்டில் பல ஷாம்பூக்கள் ஒரு ரூபாய் பாக்கெட்டில்தான் மில்லிக்கு மலிவு, பாட்டிலில் கூடுதல். கடலூர் சின்னிகிருஷ்ணன் தொடங்கிவைத்த பாக்கெட் வித்தை அது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவோடு அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். மாமா இந்த உண்மையைக் கண்டுபிடித்த அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் சமாளித்துக்கொண்டார். பாக்கெட்டை முந்நூறு வாங்கினார்.

ஷாம்பூவைத் தவிர மற்றதில் சில்லறையில் வாங்குகிறவன் நஷ்டப்படுகிறான் என்பது பொய்யில்லை. தாராவி தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் சாயங்காலம் ஏழு மணிக்குத் திருநெல்வேலி அண்ணாச்சி கடை எதிலாவது நின்று பாருங்கள். ஒரு அம்மாள் வருவாள். "அண்ணாச்சி, நூறு துவரம்பருப்பு, அஞ்சு ரூவாக்குப் புளி, எண்ணெ ஒரு பாக்கெட்டு. எழுதிக்கிடுங்க, சனிக்கெழம தாரேன்." கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மைப் பேராசிரியர் சி.கே. பிரகலாத் 2004இல் எழுதிய புத்தகத்தில் இதே தாராவியை வார்டன் ரோடு பணக்காரர்களோடு ஒப்பிட்டார். ஏழைக்கு அரிசி 1.2 மடங்கு விலை, வயிற்றுப்போக்கு மருந்து 10 மடங்கு, தண்ணீர் 37 மடங்கு. மாமா இதில் அரிசியை மட்டும் பிடித்துக்கொண்டார். "பாத்தீரா! சில்லறையா வாங்கினா இருபது பர்சென்ட் தண்டம்." மூட்டை வாங்க அந்த அம்மாளிடம் மொத்தப் பணம் இல்லை, பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்தபின் மூட்டை படுக்க இடமும் இல்லை. அந்த இருபது பர்சென்ட்டுக்கு அண்ணாச்சி சனிக்கிழமை வரை கடன் தருகிறார், கிடங்கையும் தாமே வைத்துக்கொள்கிறார். ஒன்று மட்டும் நிச்சயம். அந்த வீட்டில் பருப்பு வண்டு பிடித்ததாகச் சரித்திரம் கிடையாது.

மாமா வீட்டில் அது வருஷாந்திர உற்சவம். ஜூன் பிறந்து மும்பை மழை பிடித்துக்கொண்டதும் முதலில் ரவை நூல் கட்டும். அடுத்து கொண்டைக்கடலை உளுக்கும். பிறகு அரிசியிலிருந்து கறுப்பு வண்டுகள் புறப்பட்டுத் திவானுக்கடியிலிருந்து டிவி வரை நடைப்பயிற்சி போகும். வேப்பிலை, காய்ந்த மிளகாய், வசம்பு எல்லாம் போட்டுத்தான் இருக்கும். வண்டுகள் அதைப் பத்தியச் சாப்பாடாக எடுத்துக்கொள்ளும். மழை இரண்டு நாள் விட்டால் மாமா மொட்டை மாடிக்கு மூட்டையோடு ஏறுவார். பழைய வேஷ்டியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, ரவையைப் பரப்பி, குடையைப் பிரித்துக்கொண்டு காவலுக்கு உட்காருவார். மும்பைப் புறாக்கள் அவருக்காகவே காத்திருக்கும். போன வருஷம் சொசைட்டி செயலாளர் நோட்டீஸ் ஒட்டினார்: மொட்டை மாடியில் தானியம் உலர்த்தக் கூடாது. மாமா பூதக்கண்ணாடியால் அதைப் படித்துவிட்டு, ரவை தானியமா, தானியத்திலிருந்து வந்த பண்டமா என்று பதில் மனு கொடுத்தார். பேங்கில் போட்ட பணம் வட்டி போடும், அரிசியில் போட்ட பணம் வண்டு போடும் என்பது மாமியின் கருத்து. ஃபிக்சட் டெபாசிட் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற மாமா இந்த இடத்தில் மட்டும் ஹிண்டு பேப்பரை விரித்துக்கொள்வார்.

அவர் அப்பா காலத்தில் மூட்டையாக வாங்குவது அசட்டுத்தனமாக இல்லை. இரண்டு அறையில் ஒன்பது பேர், ஊரிலிருந்து வேலை தேடி வந்து தங்கியவர்கள் வேறு. பக்கத்து மராட்டிக்காரர்களும் குஜராத்திகளும் மே மாதமே வருஷத் தானியம் வாங்கி வெயிலில் காயவைத்து, ஆமணக்கெண்ணெய் தடவிப் பீப்பாயில் போடுவார்கள். நம்மவர்களும் கற்றுக்கொண்டார்கள். ஒன்பது வாய் இருந்த வீட்டில் வண்டுக்கு முந்தி மனிதர்கள் தீர்த்துவிடுவார்கள். இன்று பையன் நியூஜெர்சி, பெண் பெங்களூர். மாமா இன்னமும் ஒன்பது பேருக்குத்தான் வாங்குகிறார்.

கூட்டாக வாங்குவதும் இந்த ஊருக்குப் புதிதில்லை. மும்பை கிராஹக் பஞ்சாயத்து 1975இல் ஆரம்பித்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து பட்டியல் கொடுத்தால், மொத்த விலைச் சாமான் ஒருவர் வீட்டில் வந்து இறங்கும். எல்லாரும் கூடி எடை போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். மூட்டை விலையும் உண்டு, மூட்டையைச் சுமக்கவும் வேண்டாம். இப்படி ஒன்று எங்கள் கட்டடத்திலும் செய்யலாமே என்று மாமாவிடம் சொன்னேன். யோசித்தார். "செய்யலாம். ஆனா பிரிச்சுண்டா நமக்குப் பங்குதானே வரும், மூட்டை வராதே?"

நாலு வாய்க்கு மேல் தினம் சாதம் சாப்பிடுகிற வீடானால் அரிசியை மூட்டையாக வாங்குங்கள், லாபம்தான். சோப்பு, பினாயில், உப்பு கெடாது. இடமிருந்தால் சேர்த்து வையுங்கள். ரவை, கடலை, அரைத்த பொடி எதையும் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை அரைக் கிலோவுக்கு மேல் வீட்டுக்குள் விடாதீர்கள். எண்ணெயில் லிட்டரையும் கிலோவையும் பார்த்து வாங்குங்கள். தனியா மட்டும் வாங்கவே வேண்டாம். எங்கள் சொசைட்டி மூன்றாவது மாடியில் ஏழு கிலோ இருக்கிறது. பையோடு வந்தால் போதும். மாமியிடம் கேளுங்கள், சும்மா கொடுப்பாள். மாமாவிடம் கேட்டால் வாங்கின ரேட்டைச் சொல்லுவார், அதற்குப் பிறகு நீங்கள் வீடு திரும்ப ராத்திரியாகிவிடும்.