பேரைக் கேட்டீர்களா?

பங்காருபேட்டை, தங்கவயல் பக்கத்து வாசகர்கள் இந்த முறை சினிமாவையும் தேர்தலையும் விட்டுவிட்டு ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஜங்ஷனிலும் பஸ் ஸ்டாண்டிலும் மனம் கலங்கி, ஆளில்லாமல் கிடப்பவர்களை என்ன செய்வது? வந்த கடிதங்களில் சில இங்கே.

கேள்வி: என் கடை வாசலில் மூணு மாசமாக ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். தனக்குத்தானே பேசுகிறார். டீ கொடுத்தால் குடிக்கிறார், காசு கொடுத்தால் வீசி எறிகிறார். நான் என்ன செய்யணும் சார்?
(டீக்கடைக்காரர், ஸ்டேஷன் ரோடு)

பதில்: காசை வீசி எறிகிற மனிதரை இந்தக் காலத்தில் பார்ப்பதே அபூர்வம். விஷயத்துக்கு வருவோம். மூன்று மாதமாக டீ கொடுக்கிறீர்கள் என்றால், இந்த ஊரில் அவருக்கு இருக்கும் ஒரே சொந்தம் நீங்கள்தான். மாட்டிக்கொண்டீர்கள்.

தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். நின்றபடி நீட்டாமல் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கொடுங்கள். முதலில் உங்கள் பேரைச் சொல்லுங்கள், பிறகு அவர் பேரைக் கேளுங்கள். முதல் நாள் பதில் வராது. பத்தாவது நாள் வரலாம். தமிழும் கன்னடமும் எடுபடாவிட்டால் தெலுங்கோ இந்தியோ தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பேசவையுங்கள். ஊர்ப் பேரை நேராகக் கேட்டால் பலருக்கு வாயில் வராது. பக்கத்தில் ஆறு உண்டா, என்ன சாமி, வீட்டில் அரிசியா ரொட்டியா என்று சுற்றிவளைத்தால் ஏதாவது விழும். விழுந்ததைக் கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். பின்னால் குடும்பத்தைத் தேடப் போகிறவருக்கு அதுதான் ஆதாரம்.

அவர் காதில் கேட்கும் குரலோடு நீங்கள் வாதாட வேண்டாம். "அங்கே யாருமில்லை" என்று அடித்துச் சொன்னாலும் சண்டை. "ஆமா, எனக்கும் கேட்குது" என்று தலையாட்டினாலும் தப்பு. "எனக்குக் கேட்கல, உங்களுக்குத் தொல்லையா இருக்குன்னு புரியுது" என்று சொன்னால் போதும். அவர் கால்களையும் பாருங்கள். புண்ணில் புழு வைத்திருந்தால் மற்றதெல்லாம் அப்புறம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இவ்வளவு பேரும் நம்ம ஜங்ஷனுக்கே வந்து சேர்கிறார்களே, ஏன்?
(சீசன் டிக்கெட் பயணி, மாரிகுப்பம்)

பதில்: ரயில் நிற்கிறது, இறங்குகிறார்கள். சென்னை-பெங்களூரு பாதையில் இருக்கிறோம். ஒரு கிளை உங்கள் மாரிகுப்பத்துக்கு, இன்னொன்று கோலாருக்கு. எங்கேயோ வடக்கே மனம் பிசகி ரயிலேறியவரை டிக்கெட் இல்லை என்று எந்த ஸ்டேஷனிலும் இறக்கிவிடலாம். அது நம்ம ஸ்டேஷனாக இருந்துவிடுகிறது. அதனால் "அவங்களுக்கு யாருமே இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். யாரோ இருக்கிறார்கள், ஆயிரம் மைல் தள்ளி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1988-இல் மும்பையில் மனநல மருத்துவர் பரத் வாட்வானியும் அவர் மனைவி ஸ்மிதாவும் ஓர் ஓட்டலில் இருந்தபடி பார்க்கிறார்கள்: ஓர் இளைஞன் கொட்டாங்குச்சியால் சாக்கடைத் தண்ணீரை மொண்டு குடிக்கிறான். எழுந்து போய் அவனைத் தங்கள் மருத்துவமனைக்கு அழைத்துவந்தார்கள். மருந்து வேலை செய்த பிறகு பார்த்தால், ஆள் பட்டதாரி, ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் வேறு படித்தவர். குடும்பம் ஆந்திராவில் இருக்கிறது. அந்த ஒருவரில் தொடங்கிய 'ஷ்ரத்தா' அமைப்பு கர்ஜத்தில் இல்லம் வைத்து, ஆயிரக்கணக்கானவர்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. வாட்வானிக்கு 2018-இல் மகசேசே விருது கொடுத்தார்கள்.

கேள்வி: போலீஸில் சொன்னால் "இதெல்லாம் எங்க வேலையா?" என்று கேட்கிறார்களாமே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பங்காருபேட்டை)

பதில்: அவர்கள் வேலையேதான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 100. ஆசிரியர் என்பதால் மனப்பாடமே செய்துவிடுங்கள். தன் எல்லைக்குள் மனநோயோடு, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரை நிலைய அதிகாரி பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேடும் கடமையும் அவருடையது.

வாயால் சொன்னால் காற்றோடு போகும். அரைப் பக்கத்தில் எழுதி, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, நகலில் சீல் வாங்குங்கள். பிளாட்பாரம் என்றால் ரயில்வே போலீஸ், கேட்டுக்கு வெளியே டவுன் போலீஸ். அந்தக் கேட் மனநோய்க்குத் தெரியாது என்பதால் இரண்டு பக்கமும் அடுத்தவரைக் கைகாட்டலாம். அப்படியானால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நகல். அவசரமென்றால் 112, ரயிலிலோ ஸ்டேஷனிலோ என்றால் 139. உங்களை யாரும் சாட்சிக்கூண்டில் ஏற்றப் போவதில்லை.

கேள்வி: இவர்கள் ஆபத்தானவர்கள் இல்லையா?
(கல்லூரி மாணவி, ராபர்ட்சன்பேட்டை)

பதில்: ராத்திரி பத்து மணிக்கு ஒயின் ஷாப் வாசலையும் ஸ்டேஷன் வாசலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தெருவில் கிடக்கும் மனநோயாளி பெரும்பாலும் அடி வாங்குகிறவர். பெண்ணாக இருந்தால் அதைவிடக் கொடுமை. ஒருவர் கல்லோடு கத்திக்கொண்டு நின்றால் தள்ளி நின்று 112-ஐக் கூப்பிடுங்கள். அது எல்லாருக்கும் பொதுவான விதி.

கேள்வி: என் பானிபூரி வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். கிராக்கி முகம் சுளிக்குது. விரட்டினால் பாவமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: பங்காருபேட்டை பானிபூரித் தண்ணீர் பளிங்காக இருக்கும், கேள்வியும் அப்படித்தான், உள்ளதைக் கேட்டுவிட்டீர்கள். விரட்டினால் அடுத்த வண்டிக்குப் போவார். அவரும் விரட்டுவார். கடைசியில் தண்டவாளப் பக்கம்தான். ஒரு தட்டை வண்டிக்குப் பின்னால் நேரம் வைத்துக் கொடுத்துப் பாருங்கள். நேரம் தெரிந்தவர் மற்ற நேரத்தில் வந்து நிற்க மாட்டார், பல சமயம்.

கேள்வி: என் மகனுக்கு இருபத்தாறு வயது. மருந்து சாப்பிட்டு நல்லாயிட்டான். நல்லாயிட்டோமேன்னு அவனே நிறுத்திட்டான். இப்போ மறுபடி தூங்குறதில்லை, ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறான். ரெண்டு தடவை தேடிப் பிடித்தோம். தர்காவில் கொண்டுபோய் விடு என்கிறார்கள்.
(ஒரு தாய், சாம்பியன் ரீஃப்)

பதில்: அம்மா, ஜங்ஷனில் கிடக்கிறவர்களில் பலர் இப்படி ஒரு கதவைத் திறந்துகொண்டு வந்தவர்கள்தான். அதனால் உங்கள் கடிதத்துக்குத்தான் இந்தப் பக்கத்தில் அதிக இடம்.

தர்காவுக்குப் போங்கள், மாதா கோயிலுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் போங்கள். யாரும் தடுக்கவில்லை. போய்விட்டு மகனோடு திரும்பி வாருங்கள், அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் தங்கவயல் சுரங்கத்தை மூடிய அதே 2001-இல், ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை எரிந்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களையும் வீட்டார்தான் நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இன்றைய சட்டத்தில் பிரிவு 95-படி மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. சாமி பேரைச் சொன்னாலும் கூடாது.

நல்லாயிட்டோம் என்று மருந்தை நிறுத்துவது உங்கள் மகன் மட்டும் செய்கிற காரியமில்லை. ரத்தக் கொதிப்புக்காரர்கள் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள், அவர்களை யாரும் தர்காவுக்கு அனுப்புவதில்லை. திட்டாதீர்கள். ஏன் நிறுத்தினான் என்று கேளுங்கள். பெரும்பாலும் தூக்கம், உடம்பு பருமன், கை நடுக்கம் என்று ஏதாவது ஒரு தொல்லை இருக்கும். அதை டாக்டரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றுவார். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கு ஓட முடியாத நாளில் தாலூகா ஆஸ்பத்திரியில் கேளுங்கள். செவ்வாய்க்கிழமை மனநல மருத்துவர் வரும் திட்டம் கர்நாடகத்தில் இருக்கிறது. கோலார் எஸ்.என்.ஆர். மாவட்ட மருத்துவமனையும் இருக்கிறது. வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லாவிட்டாலும் ஏழைகளுக்கு அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை இலவசம், அதுவும் சட்டம்தான். நோய் நீண்டிருந்தால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் மனு கொடுங்கள்; மனநோயும் அந்தப் பட்டியலில் உண்டு.

இன்றைக்கே செய்ய வேண்டியது: அவன் சட்டைக் காலரின் உள்பக்கம் உங்கள் போன் நம்பரைத் தைத்துவிடுங்கள். போன மாதம் எடுத்த போட்டோ ஒன்று கையில் இருக்கட்டும், கல்யாண வீட்டில் எடுத்த பழைய படம் உதவாது. மறுபடி போனால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த ராத்திரியே புகார் கொடுங்கள்.

கேள்வி: தெருவில் இருப்பவரைக் குளிப்பாட்டி, முடிவெட்டி, வீடியோ போட்டால் குடும்பம் கண்டுபிடித்துவிடும் அல்லவா?
(இளைஞர், உரிகம்)

பதில்: வீடியோவில் முன், பின் என்று இரண்டு படம் போடுவீர்கள். 'பின்' என்பது சவரம் மட்டும்தான். மருந்து வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், அதை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. குணமான பிறகு அந்த மனிதருக்கு வேலை வேண்டும், ஒருவேளை கல்யாணமும் ஆகலாம். உங்கள் வீடியோ அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். படம் தேவையென்றால் போலீஸுக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் கொடுங்கள். அந்த வழியிலும் குடும்பம் கிடைக்கலாம்.

கேள்வி: 14416-க்குப் போன் போட்டால் வண்டி வருமா?
(ஆட்டோ ஓட்டுநர், பங்காருபேட்டை)

பதில்: வராது. டெலி மானஸ் என்பது பேச்சு உதவி. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். எதிரில் இருப்பவரை எப்படிச் சமாளிப்பது, எங்கே கொண்டுபோவது என்று கேளுங்கள். உங்களுக்கே தூக்கம் வராத ராத்திரியிலும் கூப்பிடலாம். வண்டிக்கு 108. இல்லாவிட்டால் உங்கள் ஆட்டோ.

கேள்வி: மருத்துவமனையிலிருந்து குணமாகி வந்த பெண்கள் சிலருக்கு என் மாடிப் போர்ஷனை வாடகைக்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கலாமா? பயமாக இருக்கிறது.
(வீட்டுக்காரர், ஆண்டர்சன்பேட்டை)

பதில்: வாடகை ஒழுங்காக வருமா என்றுதானே எந்தக் குடித்தனக்காரரைப் பார்த்தும் பயப்படுகிறீர்கள்? இதற்கும் அதே அளவு பயப்படுங்கள், போதும்.

1993-இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள், சாலையில் மனம் கலங்கித் திரிந்த ஒரு பெண்ணைச் சேர்க்க இடம் தேடி அலைந்தார்கள். எங்கும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிப் பிறந்ததுதான் 'பான்யன்'. பெண்கள் குணமானார்கள், திரும்பப் போக வீடில்லாதவர்கள் இல்லத்திலேயே தங்கிப்போனார்கள். அதனால் சாதாரணத் தெருக்களில் வீடு பிடித்து, நாலைந்து பேரைச் சேர்த்துக் குடிவைக்கத் தொடங்கினார்கள். சமையல், சந்தை, பக்கத்து வீட்டுக்காரியோடு குழாயடிச் சண்டை எல்லாம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதைக் காட்டியது.

பெல்ஜியத்தில் ஹேல் (Geel) என்று ஒரு சின்ன ஊர், நம்ம பேட்டை மாதிரி. அங்கே நூற்றாண்டுகளாக மனநோயாளிகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். 1930-களில் மூவாயிரம் பேருக்கு மேல் அப்படித் தங்கியிருந்தார்கள். ஊர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கொடுங்கள்.

கேள்வி: அரசாங்கம் செய்ய வேண்டியதை எல்லாம் நம் தலையில் கட்டுகிறீர்களே, இது நியாயமா?
(வரி செலுத்துவோர், பங்காருபேட்டை)

பதில்: பேரே வரி செலுத்துவோர் என்று போட்டீர்கள், அதனால் சொல்கிறேன். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். பிச்சைக்காரர் செஸ் என்று ஒரு வரி இருக்கும். கர்நாடகப் பிச்சை ஒழிப்புச் சட்டம் 1975-இல் வந்தது. அதன்படி சொத்து வரியில் 3 சதவீதம், பிச்சையெடுப்பவர்களைப் பராமரிக்க என்று உங்களிடம் வாங்குகிறார்கள். பணம் போகிற இடம் எப்படி என்பது தனிக் கதை. பெங்களூரு சுமனஹள்ளியில் உள்ள மறுவாழ்வு மையத்தில் 2010 ஆகஸ்டில் அடுத்தடுத்துப் பலர் செத்து, மாநிலமே கொந்தளித்தது.

ஆகவே இலவசமாக எதையும் கேட்கவில்லை, கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்கிறீர்கள். அடுத்த தடவை நகராட்சிக்குப் போகும்போது ரசீதையும் எடுத்துப் போங்கள். இந்த ஊரில் வசூலான செஸ் எவ்வளவு, அதில் இந்த ஊருக்கென்று திரும்பி வந்தது எவ்வளவு, ராத்திரி தங்க ஓர் இடம் எங்கே என்று மூன்று கேள்வி எழுதிக் கொடுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க்குத் தகவல் உரிமை மனு இருக்கிறது. வந்த பதிலை எனக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் அப்படியே போடுகிறேன்.