சூரியன் வைத்த பொட்டு

வத்தலக்குண்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே கொடைக்கானல் மலை தெரியும். மழை ஓய்ந்த மறுநாள் காலையில் கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நீலமாக நிற்கும். அந்த மலைமேல், 2,300 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. மேகம் மறைக்காத நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்துவைக்கிறார்கள். 1904 முதல் அந்த வேலை தொடர்கிறது. இதையெல்லாம் 13 வயதில் எனக்குச் சொன்னவர் எங்கள் அறிவியல் வாத்தியார். அதனால் காலை எட்டு மணிக்கு என் தகரக் குழலைச் சூரியன் பக்கம் திருப்பும்போதெல்லாம், மலைமேல் யாரோ ஒருவர் இதே நேரத்தில் இதே சூரியனோடு இருக்கிறார் என்ற நினைப்பு எனக்குப் பெரிய துணை.

குழலுக்குள் இருந்த லென்ஸ், மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தைய வருஷம் மாமா சென்னையில் வாங்கியது. 1986இல் ஹாலி வால்நட்சத்திரம் வருகிறதென்று ஊரே பேசியபோது, பாத்திரத்துக்குப் பற்றவைப்பவரிடம் சொல்லித் தகரத்தில் குழல் செய்தோம். வால்நட்சத்திரம் மங்கலான பஞ்சுத் துணுக்காக வந்து போய்விட்டது. குழல் தங்கிவிட்டது. “இனிமே சூரியனைப் பாரு. ஆனா கண்ணை வச்சு மட்டும் பாத்துராத” என்றார் வாத்தியார். கண்வில்லைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி ஓர் அட்டை. அதில் காம்பஸால் 15 செ.மீ. வட்டம் போட்ட வெள்ளைத்தாள். அந்த வட்டத்துக்குள் சூரியனின் பிம்பத்தை விழவைக்க வேண்டும். குழலை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை நிழல் சொல்லிவிடும். தரையில் நீளமாகக் கிடக்கும் குழலின் நிழல் சுருங்கிச் சுருங்கி வெறும் வட்டமாகிற அந்த நொடியில், தாளில் சூரியன் வந்து உட்காரும். எத்தனை முறை செய்தாலும் அந்த நொடியில் எனக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும். இரண்டு நிமிஷம் சும்மா விட்டால், பூமி சுற்றுகிற சுற்றில், வந்த சூரியன் தாளைவிட்டு நழுவிவிடும். நழுவும் திசைதான் மேற்கு.

ஆனால் அந்த வருஷம் சூரியனில் பார்க்க அநேகமாக ஒன்றுமே இல்லை. ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஷ்வாபே என்பவர், புதனின் பாதைக்கும் உள்ளே ஒரு கிரகம் இருக்குமோ என்று 1826 முதல் நாள் தவறாமல் சூரியனைப் பார்த்துக் கரும்புள்ளிகளைக் குறித்துவந்தார். கிரகம் கிடைக்கவில்லை, புள்ளிகள் சில வருஷம் பெருகிச் சில வருஷம் வற்றிப்போகும் ஒழுங்கு கிடைத்தது. சுமார் 11 வருஷத்துக்கு ஒரு சுற்று. 1755இல் தொடங்கியதை முதல் சுழற்சி என்று எண்ணினால், 1986 செப்டம்பரில் 21ஆவது வற்றி 22ஆவது தொடங்கியது. எங்கள் மாடிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வாத்தியார் கொடுத்த ஒரே அடையாளம்: முடிகிற சுழற்சியின் புள்ளிகள் சூரியனின் நடுக்கோட்டை ஒட்டி வரும்; புதிய சுழற்சியின் முதல் புள்ளிகள் வடக்கிலோ தெற்கிலோ வெகுதூரம் தள்ளி, முப்பது டிகிரிப் பக்கம் தலைகாட்டும். எண்ணுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு கூட்டத்துக்கு 10, அதிலிருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் 1. ஆக, ஒற்றைப் புள்ளி தெரிந்தாலும் 11 என்று எழுத வேண்டும். என் நாற்பது பக்க நோட்டில் ஒரு பத்தி முழுக்க 0, 0, 0 என்று இறங்கிக்கொண்டே போனது. அந்தச் சைபர்களை நான் எவ்வளவு அக்கறையோடு எழுதியிருக்கிறேன் என்று இன்று பார்த்தாலும் நெஞ்சு இளகுகிறது.

1987 ஜனவரி. பொங்கல் கழிந்து நாலைந்து நாள். பானையில் கட்டியிருந்த மஞ்சளை அவித்து, அப்பத்தா சுளகில் பரப்பிக்கொண்டிருந்தாள். கைப்பிடிச் சுவரில் ஒரு காக்கை விடாமல் கரைந்தது. “யாரோ விருந்தாளி வாராகடா” என்றாள். அப்போதுதான் கண்டேன்: நடுவைவிட்டு எட்ட, பென்சில் முனை பட்டதுபோல ஒரு கறுப்பு. தூசியாக இருந்தால் கண்வில்லையைத் திருகும்போது கூடவே சுற்றும், இது சுற்றவில்லை. தாளில் அழுக்காக இருந்தால் தாளை ஆட்டும்போது கூடவே ஆடும், இது ஆடவில்லை. சூரியனோடு ஒட்டிக்கொண்டு, சூரியனோடு நகர்ந்தது.

“அப்பத்தா, வந்திருச்சு!”

புரை விழுந்த கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். “இதுவா? அட, சூரியனாரு பொட்டு வச்சிருக்காரே!” என்று விரலை வைத்தாள். தாளில் மஞ்சள் ரேகை பதிந்துவிட்டது. அந்தத் தாளின் அளவில் பூமி ஒன்றரை மில்லிமீட்டர்கூட இராது, ஒரு கடுகு. அந்தப் பொட்டும் ஏறக்குறைய அந்தக் கடுகளவு என்று சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மேலே பார்க்காமல், தாளைப் பார்த்தே கும்பிட்டாள். பொட்டைத் தாளில் குறித்துவிட்டு, நோட்டில் 11 எழுதினேன்.

அடுத்த சுழற்சி 1996இல் தொடங்கியபோது எனக்கு வேலை ஓசூரில். லாட்ஜ் மாடிக்குப் போக அனுமதி இல்லை. அந்தத் தொடக்கத்தை நான் பார்க்கவே இல்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு. 2008 ஜனவரி 4இல் 24ஆவது சுழற்சியின் முதல் புள்ளி வந்ததை அலுவலகக் கம்ப்யூட்டரில், சோஹோ விண்கலம் எடுத்த படத்தில் பார்த்தேன். பிறகு இரண்டு வருஷம் சூரியன் பெரும்பாலும் வெறும் நெற்றியோடுதான் இருந்தது. 2019 டிசம்பரில் 25ஆவது. அதற்குள் கைபேசி வந்துவிட்டது. எஸ்டிஓ விண்கலம் சில நொடிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. சூரியனின் மறுபக்கத்தில் உருவாகும் பெரிய புள்ளியைக்கூட, சூரியனுக்குள் ஓடும் அதிர்வுகளைக் கொண்டு, அது இந்தப் பக்கம் திரும்புவதற்குச் சில நாள் முன்பே கணித்துவிடுகிறார்கள். காக்கை கரைந்து விருந்தாளி வந்த காலம் போய், விருந்தாளி போன் பண்ணிவிட்டு வருகிற காலம் இது.

அதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் பொட்டு என்று கொண்டாடிய அதே 22ஆவது சுழற்சியின் சூரியப் புயல்தான், 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருளில் வைத்தது. அப்படிப்பட்ட புயலின் வரவை முன்கூட்டி அறிவது அவசியம். 2023 செப்டம்பரில் சூரியனை ஆராய ஆதித்யா எல்-1 விண்கலம் புறப்பட்டபோது, அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரர் நிகர் ஷாஜி என்றறிந்து தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். இருந்தாலும் நிழல் சுருங்கி வட்டமாகிற அந்த நொடியை எந்தத் திரையிலும் நான் திரும்பப் பெறவில்லை. என் மகள் சூரியனைப் பார்க்க மாடிக்கு ஏற வேண்டியதில்லை. முதுகில் வெயில் சுட, அடுத்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவளுக்கு அது கிடைக்காமல் போனதே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

கொடைக்கானல் படங்களையெல்லாம் இப்போது கணினியில் ஏற்றிவிட்டார்கள். போன மாதம் ஓர் இரவு, பழைய நோட்டையும் அந்தத் தாளையும் எடுத்துவைத்துக்கொண்டு, அந்த ஜனவரி நாளின் படத்தைத் தேடச் சொன்னேன். மகள் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிட்டாள். வெளிறிய வட்டம், நடுவைவிட்டு எட்ட, நான் போட்ட அதே இடத்தில், அந்தப் புள்ளி. மலைமேல் இருந்த அந்த யாரோ ஒருவர் அன்று காலை அதைப் பார்த்திருக்கிறார்.

அவள் திரையையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தாள். “ஒரே மாதிரி இருக்குப்பா. ஆனா இதுல மட்டும் மேல ஏதோ மஞ்சளா இருக்கே, என்னது?”

தாளை அவள் மூக்கருகே கொண்டுபோனேன். நாற்பது வருஷமாகிறது, வாசனை எங்கே இருக்கப்போகிறது. இருந்தாலும் அவள் முகர்ந்து பார்த்தாள்.