வளவாளரின் சைக்கிளும் கங்காணியின் அட்டையும்

கம்பளையிலும் அதைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களிலும் உத்தியோகத்தர்களுக்காக நடத்தப்படும் பட்டறைகளில், வளவாளர் எனப்படும் பயிற்றுநர் தம் வாழ்வில் நடந்ததாகச் சொல்லும் இரண்டு மூன்று நிமிடச் சம்பவத்தின் வாயிலாக நேரந்தவறாமை, பொறுப்பேற்றல் போன்ற பாடங்களைப் புகட்டும் வழக்கத்தைத் தன்கதை முறை எனலாம். விதிகளின் பட்டியலை மதியச் சோற்றோடு மறந்துவிடுகிறவர்களும் கதையை மாலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டு போவதால், இம்முறை பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. ஐயமெல்லாம் கதையின் நாயகர் யார் என்பதில்தான்.

வளவாளர்களின் தன்கதைகளில் பெரும்பாலானவை சைக்கிள் கதை என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. வறுமையில் வளர்ந்த வளவாளர் மழையிலும் வெயிலிலும் பழைய சைக்கிளில் வேலைக்குச் சென்று, ஒருநாளும் பிந்தாமல், ஈற்றில் முகாமையாளரானார் என்பது அதன் சுருக்கம். கொழும்பின் சமதரையில் எடுபடும் இக்கதையை, உள்ளூராரைக் கவரும் நல்லெண்ணத்தோடு கம்பளை–புசல்லாவை வீதிக்கு மாற்றிச் சொல்லும் வளவாளர், அந்த ஏற்றத்தில் பஸ்ஸே முனகிக்கொண்டு ஏறுவதை நாள்தோறும் காண்பவர்கள் தம் எதிரே அமர்ந்திருப்பதை மறந்துவிடுகிறார். பின்வரிசையிலிருந்து, "சேர், ஏறக்குள்ளயா, இறங்கக்குள்ளயா?" என்ற கேள்வி எழுந்ததும் நேரந்தவறாமைப் பாடம் அத்துடன் முடிந்து, பிளேன்டீயும் பட்டிஸும் நேரத்துக்கு முந்தியே வந்துசேர்கின்றன.

தொழிலுக்காகக் கதை சொல்வது புதிதன்று. ஐரோப்பியப் பாதிரிமார் பேச்சுத் தமிழ் பழகுவதற்குத் துணையாக வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய பரமார்த்த குரு கதை, 1822இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சேறியது. ஆற்றைக் கடந்த சீடர்கள் தலைகளை எண்ணும்போது எண்ணுகிறவர் தம்மை விட்டுவிட்டு எண்ணி, ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டதென்று கூடி அழும் இடம் அதில் பலரும் அறிந்தது. இன்றைய வளவாளரோ இதற்கு நேர்மாறானவர். மகாவலியைக் கடந்தால் அவர் தம்மை மட்டும் எண்ணிக் கணக்குச் சரியென்று கரையேறிவிடுவார்.

1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட பின் பெருகிய தோட்டங்களில், பட்டறை என்ற பெயர் இல்லாமலே பயிற்சி நடந்தது. பெரட்டு, அதாவது விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக்கொடுக்கும் கூட்டமே, தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணியின் வகுப்பறை. மழைக்காலத்தில் புதிதாகக் கொழுந்தெடுக்க வரும் பெண்பிள்ளையிடம், காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னால் அது கட்டளை. கட்டளை காதில் ஏறாது என்பதை அறிந்த கங்காணி, கிரீப்பராக, அதாவது தாமே பணம் கட்டித் தொழில் பழக, வந்த ஒரு வெள்ளைக்காரச் சின்னதுரை சவர்க்காரத்தை நம்பாமல் சீமைக் காலுறையை நம்பி மலையேறியதையும், பங்களாவில் அதைக் கழற்றியபோது கொழுத்த அட்டைகள் பொலபொலவென்று உதிர்ந்ததையும் சொல்வார். அக்கதையில் கங்காணி தலைகாட்டுவது உப்புப் பொட்டலத்தோடு ஓடிவரும் ஓரிடத்தில் மட்டுமே. பாடம் என்று தனியாக எதையும் அவர் சொல்லாவிட்டாலும், மறுநாள் பெரட்டில் சவர்க்கார வாசம் வீசும்.

சொல்பவர் தம்மை நாயகராக்கிக்கொள்ளாத கதையே காதில் ஏறுவதால், கம்பளைப் பக்கம் வரும் வளவாளர்கள் காலை அமர்வொன்றை ஓய்வுபெற்ற கங்காணி ஒருவருக்கு விட்டுக்கொடுத்துப் பார்க்கலாம். பயணப்படியை அவருக்கும் கொடுக்க மறந்துவிடக் கூடாது.